சித்தி வளர்த்த கிலுகிலுப்பை

பூங்கா பெஞ்சில் சாயங்காலம் நம் ஆட்கள் நாலு பேர் உட்கார்ந்துவிட்டால் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் எத்தனை வெகுளி, எத்தனை பாசம், இப்போது இருப்பதெல்லாம் விஷக்குஞ்சுகள் என்று ஆளாளுக்கு ஆரம்பிப்பீர்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போன வாரம் உங்களில் ஒருத்தி, "நாம எல்லாம் அந்த வயசுல ஒரு பூச்சிக்குக்கூடத் தீங்கு செஞ்சதில்ல" என்றாள். எனக்கு விரல் இடுக்கெல்லாம் அரிக்க ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தடவியும் அடங்கவில்லை. இந்த வயதுக்கு மேல் மூடி வைத்து என்ன செய்யப்போகிறேன்? எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு பெஞ்சில் எனக்கு இடம் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

நான் சொல்வது அறுபதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த நேரம். அதுவரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட எங்கள் ஆட்கள் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். அப்பாவும் இரும்பு வார்க்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்திருந்தார். பாரிவாக்கம் பக்கம் ஒரு பொட்டலுக்குள் எங்கள் வீடு. அங்கிருந்து பூந்தமல்லி – ஆவடி ரோட்டுக்கு ஏழெட்டு நிமிஷ நடை. வேலி கிடையாது, சுவர் கிடையாது, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. ஒற்றையடிப் பாதை நேராகப் போய், பாதி வழியில் வலது பக்கம் திரும்பி ரோட்டைத் தொடும். திரும்பாமல் நேரே போனால் செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளம், இரண்டு ஆள் ஆழம் இருக்கும். அந்தத் திருப்பத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தி அம்மாவின் தங்கை. நாலு வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போய்விட்டது. பூந்தமல்லியில் கண் தெரியாதவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தவள். புள்ளி வைத்த தடிமனான புத்தகத்தை மடியில் போட்டுக்கொண்டு விரலால் வாசிப்பாள். படிப்பு முடிந்ததும் போக்கிடம் இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பத்து.

அவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிற வேலை என்னுடையது. அதை வேலை என்று சொன்னால் வாய் அழுகிவிடும், அவ்வளவு சுகம். சித்தியை இட்டுக்கினு போகணும் என்று சொல்லிவிட்டால் தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம், இரட்டைத் தம்பிகளை இடுப்பில் சுமக்க வேண்டாம். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். பூந்தமல்லிக் கடைத்தெருவில் வளையல்கார பாய் அவள் மணிக்கட்டுக்கு அளவு பார்த்துவிட்டு எனக்கும் இரண்டு கண்ணாடி வளையலைச் சும்மா போட்டுவிடுவார். குமணன்சாவடி டூரிங் டாக்கீஸில் மணல் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் நடப்பதை நான்தான் காதில் சொல்வேன். ஒருநாள் முறுக்கை அவள் மட்டும் தின்றுவிட்டாள் என்ற கோபத்தில், கதாநாயகன் செத்துப்போய்விட்டான் என்று சொன்னேன். அவன் அங்கே வாயைத் திறக்காமல் கதாநாயகியைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்தான். சித்தி தேம்பித் தேம்பி அழுதாள். சுற்றிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும் சிரித்தேன். விஷயம் புரிந்ததும் என் தொடையில் அவள் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிக் கிடந்தது. அவளும் ஒன்றும் தேவதை இல்லை.

அந்த வருஷம் ஆனி மாதம் ஒரே வாரத்தில் சித்திக்கு இரண்டு சேதி வந்தது. ஒன்று, அவளுக்குப் பாடம் சொன்ன டீச்சர் சொல்லி அனுப்பியது. எஸ்டேட்டில் ஒரு கம்பெனி மாசியில் புது ஷெட் திறக்கிறது. வாஷர், திருகாணி எல்லாம் அளவு பார்த்துப் பிரித்துப் பொட்டலம் போட வேண்டும், விரல் நுணுக்கம் உள்ள ஆள் வேண்டும். கம்பெனி வேன் ரோட்டோரம் வந்து நிற்கும். ஆனால் ரோடு வரை தனியாக வர வேண்டும். யாராவது கையைப் பிடித்துக் கூட்டி வந்தால் எடுக்க மாட்டார்கள். கூட்டி வருகிற ஆள் ஒருநாள் வராவிட்டால் வேலை கெடும் என்பது அவர்கள் கணக்கு. சூப்பர்வைசர் ஒருநாள் வேனில் வந்து, இவள் நடந்து வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம்.

இன்னொரு சேதி பட்டாபிராமிலிருந்து. மிலிட்டரி சரக்கு ரயில் வந்து நிற்கிற சைடிங்கில் மூட்டை இறக்குகிற மனிதர், நாற்பத்தைந்துக்கு மேல் வயது. பெண்டாட்டி செத்துவிட்டாள். வீட்டில் படுத்த படுக்கையாய்த் தாய்க்காரி. அள்ளிப் போட ஒரு ஆள் வேண்டும், கண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்றார்கள். செத்தவளுக்கு வருஷத் திவசம் முடிய வேண்டும், மாசிக்கு மேல் முடிச்சுப் போடலாம் என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார்.

சித்தி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"மாமா, மாசிக்குள்ள நான் தனியா ரோட்டுக்குப் போய் நின்னுட்டா?"

அப்பா சிரித்தார். "நீ ரோட்டுக்குப் போய் நின்னுட்டா பட்டாபிராம்காரனுக்கு நானே சொல்லிடறேம்மா, பொண்ணு இல்ல போய்ட்டு வான்னு. ஆனா பள்ளத்துல போய் நிக்கப் போற நீ."

"பேச்சு மாற மாட்டியே?"

"ஆம்பள பேச்சு. மாறாது."

எந்தக் காலத்தில் எந்த ஆம்பிளைப் பேச்சு மாறாமல் இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் சித்தி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

கிலுகிலுப்பைச் செடி உங்களுக்குத் தெரியும். பார்த்தால் சட்டென்று அடையாளம் சொல்வீர்கள். இடுப்பு உயரம் வரும், அவரைப் பூச் சாடையில் கொத்துக் கொத்தாய் மஞ்சள் பூ, உப்பிய காய். காய் முற்றினால் கறுத்துவிடும், உள்ளே விதை கழன்றுகொள்ளும், காற்று பட்டால் கிலுகிலுவென்று ஆடும். கொத்தாகப் பறித்துக் காலில் கட்டிக்கொண்டு சலங்கை என்று நாம் ஆடவில்லையா, அதுதான். பாதை திரும்புகிற இடத்தில் தானாய் முளைத்த புதர் ஒன்று இருந்தது. அதற்கு முந்தின பங்குனியில் நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது காற்றடித்து அது சத்தம் போட்டதும், நான் சொல்லாமலே சித்தி வீட்டுப் பக்கம் திரும்பினாள். "இங்கதானே திரும்பணும்?" என்று கேட்டு, ஒரு மடி காய் பறித்துக்கொண்டு வந்தாள். அந்தக் காய்களைத்தான் இப்போது வெளியே எடுத்தாள்.

வீட்டிலிருந்து ரோடு வரை பாதையின் இரண்டு ஓரமும் கிலுகிலுப்பை போடுவது, மாசியில் அது காய்ந்து சத்தம் போடும்போது நடுவில் நடந்து போவது. இதுதான் அவள் திட்டம். காலடியை எண்ணிக்கொண்டு நடக்கலாமே என்று அம்மா கேட்டாள். எண்ணும்போது யாராவது குரல் கொடுத்தால் கணக்கு போய்விடும், செடி போகாது என்றாள் சித்தி. மழைக்காலத்தில் காய் இருக்காதே என்றதற்கு, "அதுக்குள்ள கால் பழகிப்பூடும்க்கா" என்றாள். அப்பா இதைப் பட்டறையில் சொல்லிச் சிரித்து, அங்கிருந்தவர்கள் எல்லாம் சிரித்து, கடைசியில் எங்கள் வீட்டுக்குக் கிலுகிலுப்பை வீடு என்று பெயரே வந்துவிட்டது.

விதை சின்னது, ஆனால் கல். அப்படியே போட்டால் வருஷக்கணக்கில் மண்ணில் கிடக்கும். சித்தி ஒவ்வொரு விதையாக எடுத்து சிமெண்டுத் தரையில் நாலு தேய் தேய்ப்பாள். மழமழப்பு போய்ச் சொரசொரப்பு தட்டியதும் அடுத்தது. பிறகு வெந்நீரில் ஊறப் போட்டு, விடிந்ததும் விரலால் தடவிப் பார்ப்பாள். உப்பியது ஒரு பக்கம், உப்பாதது மறுபடி தேய்க்க. இப்படி ஒரு மால்ட் டப்பா நிறையச் சேர்த்தாள். அவள் நகங்கள் தேய்ந்து சதையோடு நின்றன. நான் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டேன்.

ஆவணியில் முதல் நல்ல மழை பெய்த மறுநாள் விதைத்தோம். ஒரு கயிற்றில் அவள் காலடி அளவுக்கு முடிச்சுப் போட்டுத் தரையில் இழுத்து வைத்தாள். ஒவ்வொரு முடிச்சுக்கும் விரலால் ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை. குந்திய வாக்கிலேயே பாதை முழுக்க நகர்ந்தாள். திருப்பத்தில் மட்டும் நெருக்கமாக, சத்தம் கூடுதலாக வரும்படி எட்டுச் செடி. கிழக்கே நான்கு, மேற்கே நான்கு. பழைய புதரை அதற்குள் யாரோ விறகுக்கு வெட்டிப்போய்விட்டார்கள்.

"மிச்சத்த டப்பாவோட பத்திரமா ஊட்டுக்கு எடுத்துக்கினு போ பாப்பா. முளைக்காத எடத்துல திரும்பப் போடணும்" என்றாள்.

டப்பாவை ஆட்டிக்கொண்டே பள்ளத்தோரம் போனேன். கையில் ஈர விதை பிசுபிசுத்தது. விளையாட வேண்டும், டப்பா காலியாக வேண்டும். மிச்ச விதையைப் பள்ளத்து விளிம்பில் வாரி இறைத்துவிட்டேன். எறும்பு மொய்த்து எல்லாம் கெட்டுப்போச்சு என்று வீட்டில் சொன்னேன். இதில் எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வெறும் சோம்பேறித்தனம். அதற்கு அப்புறம் செய்ததற்குத்தான் அப்படிச் சொல்ல முடியாது.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. அம்மா தன் மல்லிகைக்குக் கழுநீர் எல்லாம் ஊற்றிப் பார்த்தாள், மல்லிகை கருகிப்போனது. "களைக்கு ஒரு சொட்டுத் தண்ணி ஊத்துனே, கையை முறிச்சிடுவேன்" என்று சித்தியிடம் சொல்லிவைத்திருந்தாள். சித்தி ஊற்றவும் இல்லை, கிலுகிலுப்பை கேட்கவும் இல்லை. ஆடு மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப்போகும். கார்த்திகையில் பாதை நெடுக மஞ்சளாக நின்றது. நான் இறைத்த இடத்திலும் நின்றது, மற்ற எல்லாவற்றையும்விடக் கொழுத்து.

செடிக்கு ஒரே பகை கம்பளிப்பூச்சி. வெள்ளையும் கறுப்புமாய் உடம்பு, ஆரஞ்சுப் புள்ளி, மேலே மயிர். காயில் ஓட்டை போட்டு உள்ளே புகுந்து விதையைத் தின்றுவிடும், காய் ஊமையாகிவிடும். சித்தி ஒவ்வொரு காயாகக் காதருகில் ஆட்டிப் பார்ப்பாள். சத்தமில்லாத காயைக் கிள்ளி என்னிடம் நீட்டுவாள். நான் ஓட்டை இருக்கிறதா என்று சொல்லி, பூச்சியைத் தேடி ஈர்க்குச்சியால் எடுத்து மண்ணெண்ணெய் டப்பாவில் போட வேண்டும். வெறுங்கையால் தொட்டால் தடித்துப்போகும், இரண்டு நாள் அரிக்கும். தினம் காலையும் மாலையும் இந்த வேலை. மண்ணெண்ணெயும் பூச்சியும் கலந்த அந்த நாற்றம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

தை பிறந்து காய் கறுத்தது. ஒருநாள் காலை நல்ல காற்று. சித்தி தடியை எடுத்துக்கொண்டு, என்னைப் பத்தடி பின்னால் வரச் சொல்லிவிட்டு நடந்தாள். இரண்டு பக்கமும் கிலுகிலுவென்று செடிகள் வழிவிட்டன. திருப்பத்தில் சத்தம் கூடியது. நின்றாள், திரும்பினாள், ரோடு வரை போய்விட்டாள். திரும்பி வரும்போது திருப்பத்தில் நின்று காதைச் சாய்த்து, "அப்பால அங்க இன்னா சத்தம்?" என்று பள்ளத்துப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அது காட்டுச் செடி சித்தி. தூரத்துல கீது, கண்டுக்காதே" என்றேன்.

"அப்ப கிட்டத்துல பெருசா கேட்டா திரும்பணும். தூரத்துல கேக்கறத உட்டுடணும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஐந்தாறு நாள் இப்படி நடந்து பழகினாள். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, ரோட்டோரம் நின்று, மூச்சு வாங்க, முகமெல்லாம் சிரிப்பாக என் பக்கம் திரும்பினாள்.

"இனிமே உன் தயவு எனக்கு வேணாம்டி பாப்பா. போ, போய்த் தண்ணி தூக்கு."

கேலிதான். இப்போது யோசித்தால் அந்தச் சந்தோஷத்தில் அவள் வேறு எப்படிப் பேசியிருப்பாள்? ஆனால் எனக்கு அது கேலியாகக் கேட்கவில்லை. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கையைச் சித்தி பிடிக்கவே இல்லை. தடியைத் தட்டிக்கொண்டு பாடிக்கொண்டே முன்னால் போனாள். நான் வெறும் கையை வீசிக்கொண்டு பின்னால் வந்தேன். மறுநாள் காலை அம்மா குடத்தை என் இடுப்பில் வைத்தாள்.

அதே வாரம் அப்பா சித்தி நடப்பதை நிறுத்தினார். "தினம் தினம் ஊரு சிரிக்க நடக்காதே. பட்டாபிராம்காரன் காதுக்குப் போனா இன்னா நெனப்பான்? சூப்பர்வைசர் வர்ற அன்னிக்கு நட, போதும்." ரோட்டில் போகிறவர்கள் வேடிக்கை பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. சித்தி சரி என்றாள். வழி படிந்துவிட்டது என்ற தைரியம் அவளுக்கு. சூப்பர்வைசர் வர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அதுவரை செடியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள்.

நான் பார்த்துக்கொண்டேன். வீட்டருகே இருந்த செடிகளில் எடுத்த பூச்சியை மண்ணெண்ணெயில் போடாமல், பாவாடையில் கட்டிக்கொண்டு போய்த் திருப்பத்தில் இருந்த எட்டுச் செடியிலும் விட்டேன். ஈர்க்குச்சியால் எடுத்து மாளவில்லை, கையாலேயே அள்ளினேன். அது போதாது என்று தோன்றியபோது, பூச்சி தொடாத காய்களை நகத்தால் பிளந்து விதையைத் தட்டிவிட்டு மறுபடி அமுக்கி வைத்தேன். ஒவ்வொரு சாயங்காலமும் சித்தி கேட்பாள்.

"பூச்சி கீதா பாப்பா?"

"பூச்சியே இல்ல சித்தி. எல்லாம் ஒழிஞ்சு போச்சு."

பாவாடை மடிப்புக்குள் கையைத் தேய்த்துக்கொண்டே சொல்வேன். அவள் பள்ளத்தில் விழ வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. இதை நம்புவதானால் நம்புங்கள். பாதி வழியில் அவள் குழம்பி நிற்க வேண்டும், "பாப்பா" என்று கூப்பிட வேண்டும், நான் ஓடிப்போய்க் கையைப் பிடிக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்காகப் பன்னிரண்டு நாளும் அலுக்காமல் வேலை செய்தேன். விதை தேய்க்கக் கொட்டாவி விட்டவள் நான்தான்.

அந்த நாள் காலை வேன் வந்து ரோட்டோரம் நின்றது. ஏழெட்டுப் பெண்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் வெள்ளைச் சட்டையில் கீழே இறங்கி நின்றார். யாரும் கூட வரக் கூடாது, யாரும் குரல் கொடுக்கக் கூடாது என்று முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தார். சித்தி தலைக்குக் குளித்து, அம்மாவின் நீலப் புடவையைக் கட்டி, தடியோடு புறப்பட்டாள். நாங்கள் வாசலில் நின்றோம். பொட்டலில் எதுவும் மறைக்காது, கடைசி வரை எல்லாம் தெரியும்.

அழகாக நடந்தாள். காற்றும் ஒத்துழைத்தது. இரண்டு பக்கமும் செடிகள் ஆடின. திருப்பத்துக்குப் போனாள். அங்கே எட்டுச் செடியும் ஆடின, ஆனால் சத்தம் வரவில்லை. சித்தியின் நடை ஒரு கணம் தளர்ந்தது. தடியை ஊன்றி நின்றாள், தலையைச் சாய்த்தாள். கூப்பிடு, கூப்பிடு என்று நான் வாய்க்குள் முணுமுணுத்தேன். என் கால் ஓடத் தயாராக இருந்தது.

அவள் கூப்பிடவில்லை. எதிரே பள்ளத்தோரம் நான் இறைத்த செடிகள் கிலுகிலுத்தன. அதுதான் திருப்பம் என்று எடுத்துக்கொண்டு நேரே நடந்தாள்.

"ஐயோ, அங்க எங்க போறா?" என்று அம்மா வாயைத் திறந்தாள். அப்பா அவள் தோளை அழுத்தினார். "கூவாதே. அந்தாளு பாத்துகினு கீறான். கூவுனா வேலை பூடும். தடி கீது இல்ல, அவளே தெரிஞ்சுக்குவா."

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் சின்னப் பெண், நான் கத்தியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் கத்தவில்லை. அவள் கூப்பிடட்டும் என்று நின்றேன்.

விளிம்புச் செடியின் அருகே போய், சத்தம் நன்றாகக் கேட்டதும், பழகின மாதிரியே வலது பக்கம் திரும்பினாள். தடி தரையைத் தொட்டது. ஆனால் அடியில் மண் வெட்டி எடுத்திருந்த விளிம்பு அது, இரண்டாவது அடியில் சரிந்துவிட்டது. நீலப் புடவை இருந்த இடத்தில் புழுதி மட்டும் எழும்பியது. வேனுக்குள்ளிருந்து யாரோ சிரித்தார்கள். விழுந்தது பள்ளத்தில் என்று தெரியாமல் சிரித்திருப்பார்கள், உடனே நின்றுவிட்டது.

நான்தான் முதலில் ஓடினேன். பள்ளத்தில் சூளைச் செங்கல் துண்டுகளுக்கு நடுவே சித்தி உட்கார்ந்திருந்தாள். தடி இரண்டாகக் கிடந்தது. வலது கை மணிக்கட்டில் திரும்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. "சித்தி, நான் வந்துட்டேன், கையைக் குடு" என்று இடது கையைப் பிடித்துத் தூக்கினேன். அவள் எழுந்திருக்கவில்லை. அவள் விரல்கள் என் உள்ளங்கையில் நின்று, விரல் இடுக்கெல்லாம் மெதுவாகத் தடவின. தடித்துத் தடித்துக் கிடந்த அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தொட்டன. புத்தகம் படிக்கும்போது அவள் விரல் அப்படித்தான் போகும்.

"இன்னா பாப்பா இது, கையெல்லாம்?"

"கொசு கடிச்சுது சித்தி."

அவள் என் கையை விட்டுவிட்டாள். அப்பா வந்து இறங்கும்வரை அந்த மண்ணிலேயே உட்கார்ந்திருந்தாள். சூப்பர்வைசர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "பாவம், எதுக்குய்யா இந்த விஷப்பரீட்சை" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டார்.

எலும்புக் கட்டுக் கட்டுகிறவர் ஒருவர் வந்து மணிக்கட்டுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார், எலும்பு கோணலாகத்தான் கூடியது. பழி எல்லாம் செடி மேல் விழுந்தது. "களையை நம்பிப் போனா களை இன்னா செய்யும்?" என்று அப்பா பாதை முழுக்கப் பிடுங்கினார். நானும் கூடச் சேர்ந்து பிடுங்கினேன். பிள்ளை எவ்வளவு பொறுப்பாக இருக்கிறது என்று அப்பா என்னை மெச்சினார். திருப்பத்துச் செடிகளுக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு ஆகட்டும் என்று விட்டுவிட்டார். மறுநாள் காலை சித்தியைக் காணோம் என்று தேடினால், செடி பிடுங்கிய குழிகளை இடது கையால் தடவித் தடவி, வீட்டுச் சுவரிலிருந்து குந்தியே நகர்ந்து போயிருக்கிறாள். அந்த எட்டுச் செடிக்கு நடுவே உட்கார்ந்து இடது கையால் காய்களைத் தொட்டுக்கொண்டிருந்தாள். புத்தி பிசகிவிட்டது என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பிடுங்கிய செடி வீணாகக் கூடாது என்று அம்மா காயோடு சேர்த்துக் கட்டி வாசல் பெருக்கும் துடைப்பமாக்கினாள். உட்கார்ந்து தின்பதற்கு இதையாவது செய் என்று அதைச் சித்தியின் இடது கையில் கொடுத்தாள். கல்யாணம் வரைக்கும் தினம் காலையில் வாசலில் அந்தச் சத்தம் கேட்டது. அப்பா அதைக் கேட்டுக்கொண்டே டீ குடிப்பார். பங்குனியில் அவளைப் பட்டாபிராமுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பஸ் ஏற்றிவிட ரோடு வரை நான் கூட நடந்தேன். என் கையை அவள் பிடிக்கவில்லை, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் பிடிக்கவில்லை.

எட்டு வருஷம் கழித்து என் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் பட்டாபிராம் போனேன். ரயில் பாதை ஓரம் இருட்டான ஒரு வீடு. மூத்திர நாற்றம். தாய்க்காரி இன்னும் உயிரோடு கட்டிலில் கிடந்தாள். சித்திக்கு முப்பது வயதுதான், முன்தலை முழுக்க நரைத்திருந்தது. கோணல் கையால் டம்ளரைப் பிடித்துக் காபி கொடுத்தாள். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"சித்தி, அந்தத் திருப்பத்துச் செடி…"

"தெரியும்" என்றாள். "ஒரு காய் உடாம தொட்டுப் பாத்தேன். சிலதுல பூச்சி ஓட்டை. சிலதுல நகம்."

எனக்கு அழுகை வந்தது. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது என்று சொன்னால் என்னைக் காறித் துப்புவீர்கள். மன்னிச்சுடு என்று ஏதோ உளறினேன்.

"அத்த உடு. நீ அப்ப கொழந்த" என்றாள். கட்டிலில் கிழவி முனகியது. சித்தி அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிக் கேட்டுவிட்டு, மறுபடி என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"திருப்பம் வரலியேன்னு எனக்கு அங்கியே சந்தேகம்தான். நின்னேன். அக்காவும் மாமாவும் வேலைக்குப் பயந்துகினு வாயத் தொறக்க மாட்டாங்கன்னு தெரியும். ஆனா தப்பா போனா பாப்பா கூவும்னு நெனச்சேன். நீ கூவல. அப்ப சரியாத்தான் போறேன்னு நடந்தேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் தரையில் தடவி அதைத் தேடி எடுத்துக்கொண்டாள். நான் எழுந்து கையை நீட்டினேன். அவள் சுவரைத் தொட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.